சாவும் மானமும்

சாதல் எவர்க்கும் பொது. அதனை எதிர்கொள்ளும் முறையிலேயே ஒருவர்தம் பெருமை புலனாகும். போர்க்களத்தில் விழுப்புண் பட்டு வீழ்தலையே பண்டைத் தமிழர் வீரமெனப் போற்றினர் என்பர். ஆயின், பகைவர் கையகப்பட்டு, வாளும் படையும் இழந்து நிற்பவனுக்கு வீரம் இல்லையோ? இவ்வினாவிற்கு விடை தரும் மூன்று சான்றுகளை ஈண்டு நோக்குவோம்.

முதலாவது, புறநானூற்றின் 74ஆம் பாட்டு. சேரமான் கணைக்காலிரும்பொறை சோழன் செங்கணானோடு பொருது தோற்றுக் குடவாயிற் கோட்டத்துச் சிறையிற் கிடந்தான். அவன் தண்ணீர் கேட்டபொழுது காவலர் உடனே கொடாது, பின்னர்க் கொடுத்தனர். அந்நீரைக் கையில் ஏந்தியும் பருகாது, இப்பாட்டினைச் சொல்லி உயிர்நீத்தான் என்று அதன் பழைய குறிப்புக் கூறும். களவழி நாற்பது பாடிப் பொய்கையார் அவனைச் சிறைமீட்டார் என்னும் பிறிதொரு மரபும் உண்டு. எது மெய்யாயினும், நாட்டை இழந்தவன் தன் மதிப்பை இழக்க உடன்படவில்லை என்பதே பாட்டின் உயிர்.

இரண்டாவது, நம் ஊவா மண்ணுக்கே உரியது. 1817இல் ஊவா, வெல்லஸ்ஸப் பகுதிகளில் மூண்ட கிளர்ச்சியை அடக்குமாறு ஆங்கிலேயர் அனுப்பிய கெப்பெட்டிப்பொல திசாவை, கிளர்ச்சியாளரோடே சேர்ந்துகொண்டார். 1818 நவம்பரில் கண்டியில் அவர் சிரச்சேதம் செய்யப்பட்டார். அவர் பாளிச் செய்யுட்களை ஓதிக்கொண்டிருக்கையில் வாள் வீழ்ந்தது என்பதை, அவரோடு பழகிய படை மருத்துவர் ஹென்றி மார்ஷல் எழுதிவைத்துள்ளார். துரோகி என அன்று சுமத்தப்பட்ட பழி 2016இல் அரச ஆணையால் நீக்கப்பட்டது.

மூன்றாவது, மன்னரும் பிரதானிகளும் அல்லாதார் பேணிய சான்று. மலையகத் தோட்டங்களுக்குத் தமிழகத்தினின்றும் வந்த தொழிலாளர் தம்மோடு பொன்னர் சங்கர் கதையையும் கொணர்ந்து கூத்தாக ஆடினர். அதில் சங்கர் தன் வாளாலேயே உயிர்விடுகின்றான்; தங்கை தங்காள் படுகளம் சென்று அண்ணன்மாரை எழுப்புகின்றாள்; அவர்கள் கண்விழித்துப் பேசி மீண்டும் மாய்கின்றனர். வழிநடையிற் கல்லறையுமின்றி மாண்டோரின் மக்கள், கூலிகள் என்று மட்டுமே அழைக்கப்பட்டோர், அக்கூத்துக் களத்தில் மானத்தைத் தமது உடைமையாகக் காத்தனர்.

ஆகவே, மானம் வெற்றியாலோ குடிப்பிறப்பாலோ வருவதன்று. எனினும் மாணவர் ஒன்றை மறத்தலாகாது: சாவை விரும்புதல் வீரமன்று. சேரமான் கேட்டது தண்ணீரேயன்றிச் சாவு அன்று. உயிரை விரும்பியும் அதன்பொருட்டுத் தாழ மறுத்தமையே அவன் பெருமை.