பட்டமும் பெரிய எழுத்தும்

போன வாரம் புனே வீட்டில் ஒரு சின்னப் பஞ்சாயத்து. கல்லூரி விண்ணப்பக் கட்டுரையில் 'புரொபசர்' வந்த இடமெல்லாம் மகள் கேபிடல் லெட்டர் போட்டிருந்தாள். "பேருக்கு முன்னாடி வந்தால்தான் பெரிசு, தனியா வந்தால் சின்னது" என்றேன். "அப்போ மரியாதை?" என்றாள். நியாயமான கேள்விதான்.

தமிழில் பெரிய எழுத்தே கிடையாது. மரியாதையை 'ஆர்' விகுதி பார்த்துக்கொள்ளும். பி.ஏ. நம் பெயரோடு ஒட்டியது 1857-க்குப் பிறகு. சென்னை, பம்பாய், கல்கத்தா பல்கலைக்கழகங்கள் தொடங்கிய வருஷம் அது. சென்னையின் முதல் பி.ஏ.க்களில் ஒருவர் யாழ்ப்பாணத்து சி.வை. தாமோதரம் பிள்ளை, 1887-இல் கலித்தொகையை அச்சேற்றியவர். பிற்பாடு ராவ் பகதூர் பட்டமும் வந்தது.

1950-இல் அரசியலமைப்பின் 18-ஆம் பிரிவு, ராணுவ, கல்விப் பட்டங்கள் தவிர வேறெதையும் அரசு வழங்கக்கூடாது என்றது. ராவ் பகதூர்கள் காலம் முடிந்தது, பி.ஏ. நின்றது! பத்ம விருதைக்கூடப் பெயரோடு சேர்க்கக்கூடாது என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மகள் 'புரொபசரை'ச் சின்னதாக்கிவிட்டாள். எனக்கோ அப்பா ஞாபகம். கல்யாணப் பத்திரிகையில் என் பி.இ.-யைப் பெயர் அளவுக்கே பெரிசாக அச்சடிக்கச் சொன்னவர். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். அவரிடம் இந்த விதியெல்லாம் செல்லாது.