பச்சையைக் காத்த சட்டமும் நிலத்தின் விலையும்

ஆங்கில நாட்டுக் கிராமப்புறக் காட்சிகளை ஓவியத்திலேனும் கண்டவர்கள் அவற்றின் உயிர்வேலிகளை மறந்திருக்க மாட்டார்கள். வயலுக்கும் வயலுக்கும் இடையே குன்றேறி இறங்கும் அந்தப் பசிய கோடுகளை இயற்கையின் கொடை என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால் அவற்றுட் பல சட்டத்தின் படைப்புகளாகும். 1604 முதல் 1914 வரை பிரித்தானியப் பாராளுமன்றம் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நில அடைப்புச் சட்டங்களை நிறைவேற்றிற்று. சுமார் 68 இலட்சம் ஏக்கர் நிலம் அவற்றின் கீழ் வந்தது. ஊரார் மாடு மேய்த்தும் விறகு பொறுக்கியும் வாழ்ந்த நிலம் முட்செடி நாட்டப்பட்டு ஒருவனுக்கு உரியதாயிற்று. உரிமை இழந்த உழவன் ஆலைத் தொழிலாளியானான்.

பிற்காலத்தில் அதே வேலிகளையும் மரங்களையும் காப்பதற்கு அதே பாராளுமன்றம் சட்டம் இயற்ற நேர்ந்தது. இந்த மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது? யாருக்காக நிகழ்ந்தது? இவ்வினாக்களுக்கு விடை காண்பது நமக்கும் பயன் தருவதாகும்.

முதலாம் உலகப் போருக்குப் பின் வேளாண்மை நலிந்தது. பெருநிலக்கிழார்கள் தம் நிலங்களை விற்கத் தொடங்கினர். மோட்டார் வண்டி பெருகிற்று. பொதுப்பணத்தில் அமைந்த புதிய வீதிகளின் இருமருங்கிலும் வீடுகளும் கடைகளும் பெற்றோல் நிலையங்களும் விளம்பரப் பலகைகளும் நாடாவைப் போல நீண்டு சென்றன. வீதியோ அரசுடையது, அதனால் உயர்ந்த நிலவிலையோ நிலவாணிகனுடையது. இடையில் மறைந்தவை மரங்களும் வேலிகளும்.

இதனை எதிர்த்து முதலிற் குரலெழுப்பியவர்களிற் பலர் மேட்டுக்குடியினர். 1926இல் கிராமப்புறப் பாதுகாப்புச் சபை தோன்றியது. கட்டடக் கலைஞர் கிளஃவ் வில்லியம்ஸ் எல்லிஸ் 1928இல் எழுதிய நூலில், பரவிவரும் நகரத்தை எட்டுக்கால் கடற்பிராணிக்கு ஒப்பிட்டார். அவர்களுடைய கவலை உண்மையானதே. எனினும் அக்கவலை காட்சியின் அழகோடு பெரிதும் நின்றுவிட்டது. 1932 ஏப்ரில் 24ஆந் திகதி மான்செஸ்டர் நகரின் இளந்தொழிலாளர்கள், பறவை வேட்டைக்கென மூடப்பட்டிருந்த கிண்டர் ஸ்கௌட் மேட்டுநிலத்தில் திரண்டு அத்துமீறி நடந்தபோதுதான் மற்றொரு வினா எழுந்தது. காக்கப்படும் பசுமையை அனுபவிப்போர் யார்? அன்றைய முன்னணித் தோழர்களுள் ஐவர் சிறை சென்றனர்.

சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பெற்றோல் நிலையங்களின் தோற்றத்தை ஒழுங்கு செய்ய 1928ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளூராட்சி மன்றங்களுக்கு அதிகாரம் அளித்தது. 1935ஆம் ஆண்டுச் சட்டம், வகைப்படுத்தப்பட்ட வீதியின் நடுவிலிருந்து 220 அடிக்குள் அனுமதியின்றிக் கட்டுவதைத் தடுத்தது. ஆயினும் அடிப்படைக் குறை நீங்கவில்லை. 1932ஆம் ஆண்டு நகர, கிராம அமைப்புச் சட்டத்தின்படி, கட்ட வேண்டாம் என்று மறுக்கும் மன்றம் பல சந்தர்ப்பங்களில் நிலவுடைமையாளனுக்கு நட்டஈடு செலுத்த வேண்டியிருந்தது. ஏழை மன்றங்கள் மறுக்க அஞ்சின. கேட்ட இடமெல்லாம் கட்டடத்துக்கு ஒதுக்கின. 1937 அளவில் திட்டங்களில் வீடுகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்த நிலம் 29 கோடி மக்களுக்குப் போதுமானது என்று கணக்கிடப்பட்டது. அன்று இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டின் மக்களும் சேர்ந்து ஐந்து கோடியைக் கூட எட்டவில்லை!

இந்த முடிச்சை அவிழ்க்க முயன்றது 1945இல் ஆட்சிக்கு வந்த தொழிற் கட்சி. அமைச்சர் லூயிஸ் சில்கின் கொணர்ந்த 1947ஆம் ஆண்டுச் சட்டம், நிலத்தை அன்று. நிலத்தில் கட்டும் உரிமையை அரசுடைமையாக்கிற்று. அனுமதி மறுத்தால் பொதுவாக நட்டஈடு இல்லை. அனுமதி அளித்தால், அதனால் நிலத்துக்கு ஏறும் விலை முழுவதும், அதாவது நூற்றுக்கு நூறு, அரசுக்குச் சேரும். பழைய உரிமையை இழந்தோருக்கென 30 கோடி பவுண் ஒதுக்கப்பட்டது. மரங்களைக் காக்கும் கட்டளை பிறப்பிக்கவும், விளம்பரப் பலகைகளைக் கட்டுப்படுத்தவும் மன்றங்களுக்கு விரிந்த அதிகாரம் கிடைத்தது. மரத்தைக் காப்பதும் நிலத்தின் இலாபத்தைப் பொதுவாக்குவதும் ஒரே சட்டத்துள் இணைந்தமையே இதன் சிறப்பு.

இச்சட்டத்திலும் குறையிருந்தது. இலாபம் இல்லையெனக் கண்ட உடைமையாளர் நிலத்தை விற்காது பதுக்கினர். அதனை வாங்கி வழங்கப் போதிய ஏற்பாடு இருக்கவில்லை. ஆனால் 1951இல் மீண்டும் ஆட்சி பெற்ற கன்சர்வேட்டிவ் கட்சி குறையைத் திருத்தவில்லை. 1953இல் அவ்வரியையே ஒழித்தது. 1959இல் அரசு கையேற்கும் நிலத்துக்கும் சந்தை விலை கொடுக்க வேண்டும் என்றாயிற்று. 1967இல் தொழிற் கட்சி வேறுருவில் மீண்டும் விதித்த வரி 1971இலும், 1976இல் விதித்த வரி 1985இலும் நீக்கப்பட்டன. கட்டுப்பாடு எஞ்சியது, அதன் பொருளாதார அடிப்படை தகர்ந்தது.

அதன் விளைவு யாது? அனுமதி என்ற ஒரு தாள் வயலைப் பொன்னாக்கிற்று. வணிக நிலையம் எழுப்புவோர் மரங்களை நட வேண்டும், உள்ளவற்றைப் பேண வேண்டும் என நிபந்தனை விதிப்பதை 1967ஆம் ஆண்டுச் சட்டமொன்று மன்றங்களின் கடமையாக்கியது. நல்ல விதிதான். ஆயினும் வாகனத் தரிப்பிடத்தைச் சுற்றி நடப்படும் சில கன்றுகள், அங்கே குவியும் இலாபத்தின் முன் மிகச் சிறிய விலையே. 1980களில் ‘தொழில் முயற்சி வலயங்கள்’ என்ற பெயரில் சில பகுதிகளில் விதிகள் தளர்த்தப்பட்டன. அத்தகைய வலயமொன்றிலேயே 1986இல் கேற்ஸ்ஹெட்டின் பெரும் கடைத்தொகுதி திறக்கப்பட்டது. நகர மையங்களின் கடைகள் நலிவதைக் கண்டபின், 1996இல் வெளியிட்ட வழிகாட்டலில், நகருள் இடம் உண்டா என்று முதலில் நோக்க வேண்டும் என அரசு வற்புறுத்தியது.

உழவுத்தொழிலோ 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்தது. ஆகவே போருக்குப் பிந்திய ஆண்டுகளில் பெரும் பண்ணையாளர் அரசின் மானியத்தையும் பெற்று வேலிகளைப் பிடுங்கினர். 1997ஆம் ஆண்டு விதிகள் வந்த பின்னரே, கிராமப்புற வேலிகளிற் பெரும்பாலானவற்றை அகற்றுமுன் மன்றத்துக்கு அறிவிக்க வேண்டியதாயிற்று. மக்களை வெளியேற்ற நாட்டப்பட்ட வேலி, கடைசியில் மக்களின் பொதுச்செல்வமெனக் காக்கப்பட்டது.

இக்கதை நமக்கு அந்நியமானதன்று. இலங்கையின் நகர, கிராம அமைப்புக் கட்டளைச்சட்டம் 1946இல் இயற்றப்பட்டது. பிரித்தானியரின் அதே சிந்தனை மரபிலிருந்து வந்தது. நம் வீதியோரங்களிலும் பூவரச வேலி வீழ்ந்து கடைத்தொகுதி எழுகின்றது. மரங்களைக் காக்கும் விதிகளை நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. அவை இன்னும் கடுமையாக வேண்டும் என்றே சொல்கிறோம். ஆனால் ஒவ்வொரு அனுமதியின் போதும் மற்றுமொரு வினாவையும் எழுப்ப வேண்டும். மக்கள் வரியில் அமைந்த வீதியால் ஏறிய நிலவிலை யாருடைய கைக்குப் போகிறது? அவ்விலை தனியார் பைக்கே போகும்வரை, எந்த மரத்தின் நிழலும் அடுத்த விண்ணப்பம் வரும்வரைதான். மாணவரும் ஆசிரியரும் இதனை உணர்ந்து ஊராருக்கு எடுத்துரைப்பார்களாயின், அதுவே பசுமைக்கு நாம் இடும் உறுதியான வேலியாகும்.