மளிகைக் கடைக்குப் பின்னால் ஒரு வகுப்பு

தேர்தல் நெருங்கினால் நம்ம ஊரில் "மறக்காமல் ஓட்டுப் போடுங்க" என்று எல்லா இடத்திலும் சொல்வாங்க. ஓட்டுரிமைப் பட்டியலில் பெயர் சேர்க்கவே விடாத ஓர் இடத்தில் மக்கள் என்ன செய்தார்கள்? இன்றைக்கு அந்தக் கதையைப் பார்ப்போம்.

அமெரிக்காவின் தெற்குக் கரோலினா மாநிலத்தில், சார்ல்ஸ்டன் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கு ஜான்ஸ் தீவு. 1950-களில் அங்கே கறுப்பின மக்கள்தான் அதிகம். வாக்காளராகப் பதிவு செய்யணும்னா, மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியை வாசித்தும் எழுதியும் காட்டணும். இல்லையென்றால் 300 டாலர் மதிப்புள்ள சொத்துக்கு வரி கட்டியிருக்கணும். பார்த்தால் எல்லாருக்கும் பொதுவான விதி மாதிரிதான் தெரியும். ஆனால் கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் கொடுக்காத அரசுதான், அவர்கள் வளர்ந்த பிறகு "எங்கே, படி பார்க்கலாம்" என்றது. 1951-52-இல் நம்ம நாட்டின் முதல் பொதுத் தேர்தலில், படிக்காதவர்களும் ஓட்டுப் போடட்டும் என்று சின்னங்களை வைத்தோம். அங்கே படிக்காததையே தடையாக்கி வைத்திருந்தார்கள்.

அந்தத் தீவில் ஈசா ஜென்கின்ஸ் என்பவர் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். சார்ல்ஸ்டனுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு வழியெல்லாம் சட்டத்தைச் சொல்லிக்கொடுப்பார். மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது, எங்களுக்கு நிஜமாகவே படிக்கக் கற்றுத்தர முடியுமா என்று பயணிகளிடமிருந்து கேள்வி வந்தது. செப்டிமா கிளார்க் அவருக்குக் கைகொடுத்தார். கறுப்பினத்தவரின் உரிமைச் சங்கத்திலிருந்து விலக மாட்டேன் என்று சொன்னதால் 1956-இல் ஆசிரியர் வேலையை இழந்தவர் அவர்.

ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தை வாங்கினார்கள். வெள்ளையர்களுக்குச் சந்தேகம் வரக்கூடாதே! அதனால் முன்பக்கம் மளிகைக் கடை, பின்பக்கம் வகுப்பு. 1957 ஜனவரியில் 14 பேரோடு தொடங்கியது. பாடம் நடத்தியவர் பெர்னிஸ் ராபின்சன். டீச்சர் இல்லை, அழகு நிலையம் நடத்தியவர். வாடிக்கையாளர்கள் எல்லாரும் கறுப்பினப் பெண்கள் என்பதால், வெள்ளைக்கார முதலாளி யாரும் அவரை வேலையைவிட்டு நீக்க முடியாது.

குழந்தைகளுக்கான பாடப்பொருட்களைக் கொண்டுபோயிருந்தார். பெரியவர்களுக்கு இது சரிப்படாது என்று முதல் நாளே அவற்றை ஓரம் வைத்துவிட்டு, உங்களுக்கு என்ன கற்றுக்கொள்ளணும் என்று கேட்டார். சொந்தப் பெயரை எழுதணும், பைபிள் வாசிக்கணும், மணியார்டர் பாரம் நிரப்பணும் என்றார்கள். அங்கிருந்துதான் பாடம் ஆரம்பித்தது. அரசியல் சட்டமும் அதோடு சேர்ந்தே வந்தது.

இந்த வகுப்புகள் பக்கத்துத் தீவுகளுக்கும் பரவின. 1961-இல் மார்ட்டின் லூதர் கிங் தலைமையிலான அமைப்பு இதை ஏற்று, தென்மாநிலங்கள் முழுக்கக் கொண்டுபோனது. 1965-இன் வாக்குரிமைச் சட்டம் அங்கெல்லாம் அந்த எழுத்தறிவுத் தேர்வை நிறுத்திவைத்தது.

எனக்கு இதில் பிடித்தது ராபின்சன் கேட்ட அந்தக் கேள்விதான். வாக்காளர் விழிப்புணர்வு என்றதும் நாம் துண்டுப்பிரசுரத்தோடு கிளம்பிடறோம். அடுத்த தடவை, எதிரில் இருப்பவருக்கு என்ன தெரிஞ்சுக்கணும்னு முதல்ல கேட்டுப் பாருங்க.