அச்சு நிலைப் பிழை: கொங்கு நாட்டுப் பட்டறைகளின் பின்னணியில்

அச்சு நிலைப் பிழை என்பது மில்லிங் எந்திரத்தின் மேசை நிற்க வேண்டிய இடத்துக்கும் உண்மையில் நிற்கும் இடத்துக்கும் உள்ள வேறுபாடு. மேசையை நகர்த்தும் திருகுத்தண்டுக்கும் நட்டுக்கும் இடையிலான தளர்ச்சி இதன் முக்கியக் காரணம். பட்டறைகளில் இதனை ‘பேக்லாஷ்’ என்பர்.

பட்டறைகள்

கோயம்புத்தூரின் முதல் நூற்பாலை 1888-இல் தொடங்கப்பட்டது. பின்னர் உடுமலைப்பேட்டை (2009 முதல் திருப்பூர் மாவட்டம்) உள்ளிட்ட ஊர்களிலும் ஆலைகள் எழுந்தன. அவற்றின் தேவையால் எந்திரப் பட்டறைகள் பெருகின. கைச்சக்கரம் சுற்றும் தொழிலாளி அளவைத் தாண்டிவிட்டால், தளர்ச்சி நீங்கும்வரை பின்னால் சுற்றி, மீண்டும் முன்திசையிலேயே அளவுக்கு வருவார். பிழையை அவரது கையே திருத்தியது.

சிஎன்சி வருகை

எண்வழிக் கட்டுப்பாட்டு மில்லிங் எந்திரம் 1952-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயக்கிக் காட்டப்பட்டது. நூற்பு எந்திரங்களுக்காக 1962-இல் கோவையில் உருவான லட்சுமி மெஷின் ஒர்க்ஸ், 1988-இல் எந்திரக்கருவிப் பிரிவைத் தொடங்கியது. சிஎன்சியில் கையின் வேலையைப் பால் ஸ்க்ரூவும், கட்டுப்பாட்டுக் கருவியில் பதியும் ஈட்டு எண்ணும் ஏற்றன.

பிழை அறிதல்

மேசையில் டயல் கேஜ் வைத்துப் பிழையின் வகை அறியப்படுகிறது.

- திசை மாறும்போது மட்டும் தோன்றினால்: தளர்ச்சி.
- தூரத்தோடு சீராகக் கூடினால்: மில்லிமீட்டருக்கான துடிப்பு எண்ணிக்கையில் தவறு.
- ஒவ்வொரு முறையும் மாறினால்: கப்ளிங் நழுவல், அல்லது ஸ்டெப்பர் மோட்டார் படிகளைத் தவறவிடுதல்.

ஈட்டு எண் தேய்ந்த நட்டைச் சரிசெய்வதில்லை. 0.05 மி.மீ. இடைவெளி இருந்தால், வெட்டும் விசை மேசையை அதற்குள் இழுத்துவிடும். எனவே முதலில் தேய்மானத்தைச் சரிசெய்து, மீதமுள்ள சிறு பிழைக்கே எண் பதிய வேண்டும்.