பெயர் தொலைத்த மொழியும் நம்ம ஊர் ஓரகத்தியும்

"என்னப்பா படிக்கிறே?" என்று யாராவது கேட்டால் "செர்போ-குரோஷியன்" என்று சொல்லிவிட்டு ரெண்டு அடி பின்னால் தள்ளி நிற்க வேண்டியிருக்கிறது. நம்ம ஆளாக இருந்தால் "அதைப் படிச்சா எந்த நாட்டுல வேலை கிடைக்கும்?" என்பார். அந்த நாட்டு ஆளாக இருந்தால் "அப்படி ஒரு மொழியே கிடையாதே" என்பார். முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டாவதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

நான் வைத்துப் படிப்பது 1963-இல் லண்டனில் வெளிவந்த 'டீச் யுவர்செல்ஃப் செர்போ-க்ரோட்'. எழுதியவர்கள் வேரா யாவரெக், மிரோஸ்லாவா சூஜிச். யூகோஸ்லாவியா என்று ஒரு நாடு இருந்த காலத்துப் புத்தகம். நேருவும் டிட்டோவும் நாசரும் பெல்கிரேடில் கூடி அணிசேரா நாடுகளின் முதல் மாநாட்டை நடத்தி (1961) ரெண்டே வருஷம் ஆகியிருந்தது. நாடு 1991-இல் உடையத் தொடங்கியது. மொழியின் பெயரும் கூடவே உடைந்தது. இன்றைக்கு செர்பியன், குரோஷியன், போஸ்னியன், மாண்டினீக்ரன் என்று நாலு பெயர். அதே பதிப்பக வரிசையிலும் பின்னாளில் செர்பியனுக்கு ஒரு புத்தகம், குரோஷியனுக்கு ஒரு புத்தகம் என்று தனித்தனியாகப் போட்டுவிட்டார்கள்.

வித்தியாசம் எவ்வளவு என்கிறீர்களா? போஸ்னியாவில் சிகரெட் பெட்டியில் எச்சரிக்கை வாசகத்தை மூன்று மொழியிலும் போட வேண்டும் என்று சட்டம். "புஷேன்யே உபீயா" (புகைத்தல் கொல்லும்) என்று லத்தீன் எழுத்தில் ரெண்டு தடவை, சிரிலிக் எழுத்தில் ஒரு தடவை. மூன்றும் ஒரே வாசகம். அந்த ஊர்க்காரர்களே இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். போர்க்குற்றங்களை விசாரித்த தி ஹேக் நீதிமன்றம் (1993–2017) இந்தப் பெயர்ச் சண்டையே வேண்டாம் என்று மூன்று பெயர்களின் முதலெழுத்தை மட்டும் எடுத்து 'பி-சி-எஸ்' என்று வைத்துக்கொண்டது.

இந்தக் கதை ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு ஆள் இருக்கிறார். வூக் கராஜிச், 1787-இல் செர்பியக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். வெடிமருந்தைத் தண்ணீரில் கரைத்து மையாக்கி, தோட்டா சுற்றும் காகிதத்தில் எழுதிப் பழகினவர் என்று சொல்வார்கள். ஒரு கால் ஊனம். அன்றைக்கு அங்கே படித்தவர்கள் எழுதியது தேவாலய மொழி கலந்த ஒரு செயற்கை நடை. வீட்டில் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள். (எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா?) வூக் வியன்னாவில் உட்கார்ந்து, பேசுவதையே எழுதுவோம், ஒரு ஒலிக்கு ஒரு எழுத்து போதும் என்று கிளம்பினார். 1814-இல் இலக்கணம், 1818-இல் அகராதி. லத்தீனிலிருந்து 'ய' ஒலிக்கு ஒரு எழுத்தை எடுத்துச் சேர்த்ததற்கு, கத்தோலிக்க எழுத்தைப் புகுத்துகிறான் என்று பாதிரிமார் சண்டைக்கு வந்தார்கள். அவருடைய எழுத்துமுறையை செர்பியா முழுசாக ஏற்றுக்கொண்டது 1868-இல். வூக் 1864-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

நம்ம உ.வே.சா. ஊர் ஊராகப் போய் ஏட்டுச்சுவடி தேடினார் என்றால், வூக் ஏடே இல்லாத, எழுதப் படிக்கத் தெரியாத பாட்டுக்காரர்களைத் தேடிப் போய் எழுதிக்கொண்டார். இன்றைக்கு என்னைப் போல ஒரு பேர்வழி, வாத்தியார் இல்லாமல் அந்தப் புத்தகத்தை வாய்விட்டுப் படிக்க முடிகிறதென்றால் இந்த மனுஷன் புண்ணியம். 30 எழுத்து, எழுதினபடியே வாசிக்கலாம். இங்கிலீஷில் பாதி எழுத்து வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்குமே, அந்த வம்பு இல்லை.

1850-இல் செர்பியப் புலவர்களும் குரோஷியப் புலவர்களும் வியன்னாவில் கூடி, பொதுவான இலக்கிய மொழி எப்படி இருக்கவேண்டும் என்று கையெழுத்துப் போட்டார்கள். வேடிக்கை என்னவென்றால் அந்த ஒப்பந்தத்தில் மொழிக்குப் பெயரே இல்லை. பெயரைத் தொட்டால் காரியம் கெடும் என்று நினைத்தார்களோ என்னவோ. நூறு வருஷம் கழித்து 1954-இல் நோவி சாத் நகரத்தில் பெயர் வைத்தார்கள்: ஒரே மொழி, ரெண்டு எழுத்து, செர்போ-குரோஷியன் என்றும் சொல்லலாம், குரோட்டோ-செர்பியன் என்றும் சொல்லலாம். சேர்ந்தே ஒரு பெரிய அகராதி போட்டார்கள். 1967-இல் முதல் ரெண்டு தொகுதி வந்தது. அதே வருஷம் மார்ச்சில் குரோஷிய எழுத்தாளர்களும் அமைப்புகளும் எங்கள் மொழிக்கு எங்கள் பெயர் வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். குரோஷியத் தரப்பு அகராதியிலிருந்து விலக, செர்பியத் தரப்பு தனியாகவே ஆறு தொகுதியையும் முடித்தது.

இதைப் படிக்கும்போது எனக்கு ராஜாஜி ஞாபகம் வந்தது. 1938-இல் நம்ம பள்ளிக்கூடங்களில் அவர் கட்டாயமாக்கியது அரசாணைப்படி 'இந்துஸ்தானி'. காந்தி சொன்னதும் அதுதான், ரெண்டு எழுத்திலும் எழுதப்படுகிற ஒரே மொழி. 1949-இல் அரசியல் நிர்ணய சபை தேவநாகரி எழுத்தில் இந்தி என்று முடிவு செய்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் உருது. இன்றைக்கு இந்துஸ்தானி என்றால் நமக்குச் சங்கீதம்தான். மொழிக்குப் பெயர் வைப்பது இலக்கணக்காரன் வேலை இல்லை போலிருக்கிறது.

சரி, புதுசாகப் படிக்கிறவனுக்கு இதனால் என்ன கஷ்டம்? ரொட்டி கேட்டால் கஷ்டம். பெல்கிரேடில் 'ஹ்லேப்', ஜாக்ரெப்பில் 'க்ரூஹ்'. ரயில் அங்கே 'வோஸ்', இங்கே 'வ்லாக்'. ஆயிரம் அங்கே 'ஹில்யாதா', இங்கே 'டிசுச்சா'. எதைச் சொன்னாலும் ரெண்டு ஊரிலும் புரியும். ஆனால் நீ எந்தப் பக்கம் என்பதும் சேர்ந்தே புரிந்துவிடும். சமாதான காலத்தில் இது சிரிப்பு. மற்ற காலத்தில் இல்லை. 1983 ஜூலையில் கொழும்புத் தெருவில் ஆட்களை நிறுத்தி, வாளிக்கான சிங்களச் சொல்லைச் சொல்லச் சொன்னார்கள், உச்சரிப்பை வைத்துத் தமிழரை அடையாளம் பிடித்தார்கள் என்று தப்பி வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஒரு சொல் எவ்வளவு கனம் என்று ஈழத்து நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் நோட்டில் ரெண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொள்கிறேன். வேலை ரெட்டிப்புதான், பரவாயில்லை.

இனி சந்தோஷமான விஷயத்துக்கு வருவோம். இந்தப் புத்தகம் இங்கிலீஷ்காரருக்காக எழுதப்பட்டது. ஏழு வேற்றுமைகளையும் கண்டு அவர் மிரண்டுவிடக் கூடாது என்று அப்படி ஒரு பொறுமையான விளக்கம். நமக்குத்தான் எட்டு இருக்கே! கண்ணன் கண்ணா ஆகிற மாதிரி இவான் 'இவானே' ஆகிறான், அம்மாவான 'மாய்கா' கூப்பிடும்போது 'மாய்கோ' ஆகிறாள். விளி வேற்றுமை, முடிந்தது. பென்சிலால் எழுதினேன், தம்பியோடு வந்தேன் - இந்த ரெண்டும் ஏன் ஒரே வேற்றுமையில் வருகிறது என்று இங்கிலீஷ்காரர் குழம்புவார். நன்னூல் ஆல், ஓடு ரெண்டையும் மூன்றாம் வேற்றுமையில்தான் வைத்திருக்கிறது. எங்க பொழிச்சலூர்க் கோயில் அகத்தீஸ்வரர் கோயில். முதல் தமிழ் இலக்கணம் செய்ததாகச் சொல்லப்படும் முனிவர் பூஜித்த சாமி. அந்தத் தைரியத்தில்தான் படிக்கிறேன் :-)

அதைவிடப் பெரிய விருந்து உறவுமுறைதான். இங்கிலீஷில் எல்லாம் ஒரே அங்கிள், ஒரே சிஸ்டர்-இன்-லா. இங்கே பாருங்கள்: அப்பாவின் சகோதரன் 'ஸ்த்ரிட்ஸ்', தாய்மாமன் 'உயாக்'. கணவனின் சகோதரன் 'தேவெர்', மனைவியின் சகோதரன் 'ஷுராக்'. நாத்தனார் 'ஸாஓவா'. மனைவியின் சகோதரி 'ஸ்வாஸ்திகா' (சத்தியமாக!). சகலைக்கு துருக்கியிலிருந்து வந்த 'பஜானாக்'. சம்பந்திக்குக்கூடச் சொல் இருக்கிறது. ஓரகத்தி? 'யெத்ர்வா'. இங்கிலீஷில் இதற்கு ஒரு முழு வாக்கியம் வேண்டும், தமிழில் ஒரே சொல். மார்ஜினில் தமிழிலேயே எழுதிக்கொண்டு போய்விட்டேன்.

ஒரேயடியாக ஒன்று என்றும் சொல்லமுடியாது. நாம் மாமன் மகளைக் கட்டுகிறவர்கள், அதனால் மாமாவும் மாமனாரும் ஒட்டிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு அது விலக்கு, அதனால் தாய்மாமன் தாய்மாமன் மட்டும்தான். கணவனின் அப்பா 'ஸ்வேகர்', மனைவியின் அப்பா 'தாஸ்ட்' என்று தனித்தனி. நமக்கு ரெண்டு பேருமே மாமனார். இந்த இடத்தில் அவர்கள் ஜெயித்துவிட்டார்கள்.

தேவெர் என்றதும் வடக்கே கொழுந்தனைச் சொல்லும் 'தேவர்' நினைவுக்கு வருகிறதல்லவா? சமஸ்கிருதச் சொந்தம் அது. இந்தச் சொந்தத்தை முதலில் தேடினவர்களில் ஒருவர் குரோஷியக் குடும்பத்துக்காரர். வாழ்ந்தது நம்ம பக்கத்து மலபாரில். பெயர் பவுலினோஸ் பாதிரியார். குரோஷியர்களுக்கு இவான் பிலிப் வெஸ்தின். 1748-இல் ஆஸ்திரியாவில் பிறந்து, 1776-இலிருந்து 1789 வரை கேரளத்தில் மலையாளமும் சமஸ்கிருதமும் படித்தார். கையில் அச்சிட்ட இலக்கணம் எதுவும் கிடையாது. அவருக்கு முன்னால் அங்கே இருந்த அர்னோஸ் பாதிரியார் (ஹான்க்ஸ்லேடன்) கைப்பட எழுதிய இலக்கணம்தான் துணை. ஊர் திரும்பி 1790-இல் ரோமில் 'சித்தரூபம்' வெளியிட்டார். ஐரோப்பாவில் அச்சான முதல் சமஸ்கிருத இலக்கணம் அது. 1798-இல் சமஸ்கிருதம், அவெஸ்தா மொழி, ஜெர்மானியம் மூன்றும் உறவு என்று ஒரு ஆய்வும் எழுதினார். அர்னோஸ் பாதிரியாரின் கையெழுத்துப் பிரதி ரொம்ப நாள் காணாமல் போயிருந்து, 2010-இல் இத்தாலியில் மோன்தேகொம்பாத்ரி மடத்தில் கிடைத்தது.

2017-இல் சரயேவோவில் நாலு நாட்டு எழுத்தாளர்களும் மொழியியலாளர்களும் ஒரு அறிக்கை விட்டார்கள்: பேசுவது ஒரே பொது மொழி, அவரவர் விருப்பப்படி பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று. என் ஓட்டு அவர்களுக்கு. புத்தகத்தில் இப்போது வினைச்சொல்லின் முற்று, முற்றாமை இரட்டைகள் பாடத்தில் நிற்கிறேன். இதற்கு மட்டும் நன்னூலும் கைகொடுக்கவில்லை. யாராவது இந்தப் பாதையில் போயிருந்தால் சொல்லுங்களேன்.