65,000 பவுண்டு: ஜான் சார்லஸும் பிரிட்டிஷ் கால்பந்தின் ஊதிய வரம்பும்

வேல்ஸ் நாட்டுக் கால்பந்து வீரர் ஜான் சார்லஸைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறார்கள்: அவர் தடுப்பாட்டத்தில் சிறந்தவரா, கோல் அடிப்பதில் சிறந்தவரா? இரண்டிலும் அவருக்கு நிகரானவர்கள் அந்தத் தலைமுறையில் மிகச் சிலர்தான். அதற்கு மேல் அந்த வழக்கை நீட்டிப்பதில் பயனில்லை. அவரது ஆட்ட வாழ்க்கை வேறொன்றுக்குச் சான்றாக நிற்கிறது என்பது என் கருத்து. பிரிட்டிஷ் கால்பந்து வீரர் தன் உழைப்பின் விலையைத் தானே பேச முடியாதிருந்த நிலை, 1950களில் எப்படி விரிசல் கண்டது என்பதை அவர் வாழ்க்கையின் வழியே தொடர முடிகிறது.

இங்கிலாந்தில் 1901 முதல் வீரர்களின் வார ஊதியத்துக்கு உச்சவரம்பு இருந்தது. தொடக்கத்தில் 4 பவுண்டு, 1953இல் 15, 1958இல் 20. எவ்வளவு பெரிய ஆட்டக்காரரானாலும் அதற்கு மேல் வார ஊதியமாக ஒரு காசு விதிப்படி வாங்க முடியாது. புதிய அணியில் சேரும்போது கையில் தரப்படும் தொகை 10 பவுண்டு. இதைவிடக் கொடியது ‘தக்கவைப்பு’ முறை. ஓராண்டு ஒப்பந்தம் முடிந்த பின்னும் வீரரின் பதிவு அணியின் கையிலேயே இருக்கும். அணி விடுவிக்காவிட்டால் அவர் வேறெங்கும் ஆட முடியாது. அவரை விற்றால் பணம் முழுவதும் அணிக்கு.

தப்பிக்க முயன்றவர்கள் உண்டு. 1950இல் நீல் ஃபிராங்க்ளின், சார்லி மிட்டன் முதலியோர் உலகக் கால்பந்துக் கூட்டமைப்புக்கு வெளியே நின்ற கொலம்பியாவின் போகோட்டா நகருக்குப் போனார்கள். திரும்பியபோது தடை காத்திருந்தது. வேல்ஸ் அணியின் முன்கள வீரர் டிரெவர் ஃபோர்டு, மேசைக்கு அடியில் பணம் கைமாறுவதை 1956இல் தன்வரலாற்று நூலில் எழுதி, தடைக்குள்ளாகி, நெதர்லாந்தின் பிஎஸ்வி அணிக்குச் சென்றார். உண்மையைச் சொன்னவருக்குத் தண்டனை; பணம் கொடுத்த நிர்வாகிகளில் பலர் நாற்காலியை விட்டு எழக்கூட இல்லை.

இந்த அமைப்புக்குள்தான் சார்லஸ் வளர்ந்தார். 1931 டிசம்பர் 27 அன்று ஸ்வான்சீயின் கும்பூர்லா பகுதியில் பிறந்தவர். ஸ்வான்சீ டவுன் அணியின் மைதான வேலைகளில் சேர்ந்து, அதன் முதல் அணிக்கு ஒருமுறைகூட ஆடாமலே, 17 வயதில் லீட்ஸ் யுனைடெட்டுக்குப் போய்விட்டார். அங்கு மேலாளராக இருந்த மேஜர் ஃபிராங்க் பக்லி அவரைப் பல இடங்களில் நிறுத்திப் பார்த்தார். முதலில் பெயர் வாங்கித் தந்தது தடுப்பாட்டத்தின் சென்டர் ஹாஃப் இடம். 1950 மார்ச்சில், 18 வயது நிறைந்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில் வேல்ஸ் அணிக்கு ஆடினார்.

1952இல் பக்லி அவரை முன்களத்துக்கு மாற்றினார். 1953–54 பருவத்தில் 39 லீக் ஆட்டங்களில் 42 கோல். லீட்ஸ் அணியின் பருவச் சாதனையாக இன்றும் நிற்கிற எண் இது. ஆனால் அந்தப் பருவத்தில் லீட்ஸ் இரண்டாம் டிவிஷனில் பத்தாவது இடத்தில்தான் முடித்தது! ஒருவர் 42 கோல் அடித்தும் அணி பத்தாவது என்றால், மறுமுனையில் எத்தனை வாங்கியிருக்க வேண்டும்? பக்லிக்கு அடுத்து வந்த மேலாளர் ராயிச் கார்ட்டர் அவரை மீண்டும் தடுப்பாட்டத்துக்கு இழுத்துக்கொண்டார். 1954இல் சார்லஸ் தன்னை வேறு அணிக்கு மாற்றும்படி கேட்டார், நிர்வாகம் மறுத்தது. தக்கவைப்பு முறையின் கீழ் அந்த மறுப்பே இறுதித் தீர்ப்பு.

1956இல் லீட்ஸ் முதல் டிவிஷனுக்கு ஏறியது. அந்த உயரத்திலும் சார்லஸ் 40 ஆட்டங்களில் 38 கோல் அடித்துப் பட்டியலில் முதலிடம் பிடித்தார். இடையில், 1956 செப்டம்பரில் எல்லண்டு ரோடு மைதானத்தின் மேற்குப் பார்வையாளர் அரங்கம் தீயில் அழிந்தது. கட்டடத்துக்குப் பணம் தேவைப்பட்டது. விற்கத் தகுந்த சொத்து ஒன்றே ஒன்றுதான் இருந்தது. புதிதாக எழுந்த அந்த மேற்கு அரங்கத்துக்குத்தான் சார்லஸின் மறைவுக்குப் பின் அவர் பெயரைச் சூட்டினார்கள். கணக்குப் புத்தகத்தின்படியும் அது பொருத்தமே.

வாங்க வந்தது டூரின் நகரின் யுவென்டஸ். அணியின் தலைவர் உம்பெர்த்தோ அன்யெல்லி, ஃபியட் குடும்பத்தின் வாரிசு. அப்போது வயது 22. 1957 ஏப்ரலில் பெல்ஃபாஸ்ட் நகரில் வட அயர்லாந்துக்கு எதிராக வேல்ஸ் ஆடியதை நேரில் பார்த்துவிட்டு, அதே மாதம் லீட்ஸில் பேரத்தை முடித்தார். விலை 65,000 பவுண்டு. இரண்டாண்டுக்கு முன் சார்ல்டன் அணியின் எடி ஃபிர்மானி சம்ப்டோரியாவுக்குப் போனபோது தரப்பட்ட 35,000தான் அதுவரை பிரிட்டனின் உச்சம். சார்லஸுக்கென்று தனியாகக் கிடைத்தது 10,000 பவுண்டு. இங்கிலாந்தில் அணி மாறியிருந்தால் 10 பவுண்டு. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு, ‘நாட்டை விட்டுப் பணத்துக்காக ஓடினார்’ என்ற குற்றச்சாட்டுக்கு என்ன எடை இருக்க முடியும்? பேரத்தில் தனக்காகப் பேச ஒரு முகவரை உடன் வைத்துக்கொண்டதும் அந்நாளைய பிரிட்டிஷ் வீரருக்குப் புதிய பழக்கம்.

முந்தைய பருவத்தில் ஒன்பதாவதாக முடித்திருந்த யுவென்டஸ், 1957–58இல் பட்டம் வென்றது. அது அவர்களின் பத்தாவது பட்டம். சட்டையில் நட்சத்திரம் ஏறியது அதற்காகத்தான். சார்லஸ் 34 ஆட்டங்களில் 28 கோல் அடித்தார். இறுக்கமான தடுப்பாட்டத்துக்குப் பெயர்போன லீக்கில் இது லீட்ஸின் 42ஐவிடப் பெரிய சாதனை என்றே சொல்வேன். போனிபெர்த்தி, அர்ஜென்டினாவிலிருந்து வந்த சிவோரி, சார்லஸ் என்ற மூவர் கூட்டணி 1960, 1961 பட்டங்களையும் கொண்டுவந்தது. ஐந்து பருவங்களில் அவருக்கு 93 லீக் கோல்கள். 1959ஆம் ஆண்டின் ஐரோப்பியச் சிறந்த வீரர் தேர்வில் டி ஸ்டெஃபானோ, கோப்பா ஆகியோருக்கு அடுத்து மூன்றாமிடம். மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை எல்லாம் 1970இல்தான் வந்தவை. ஆனால் நடுவர் பெயர் எழுதிக்கொள்ளும் வழக்கம் அன்றும் உண்டு; தம் ஆட்ட வாழ்க்கையில் சார்லஸ் அதில் சிக்கியதே இல்லை என்பார்கள். ஆறடி இரண்டு அங்குல உடம்போடு இப்படி ஆடியவரை இத்தாலியர் நல்ல மனம் கொண்ட ராட்சதர் என்று கொண்டாடினார்கள்.

புதிய முதலாளி நிறையக் கொடுத்தார், பிடியைத் தளர்த்தவில்லை. 1958 உலகக் கோப்பைக்கு வேல்ஸ் வந்தது ஒரு விந்தையான வழியில். இஸ்ரேலுடன் ஆட மற்ற நாடுகள் மறுக்க, தகுதி இழந்திருந்த வேல்ஸுக்கு மறுவாய்ப்புக் கிடைத்து, இரு ஆட்டங்களையும் 2–0 என வென்றது. ஆனால் சார்லஸ் செல்ல இத்தாலியிலிருந்து அனுமதி இழுபறியாகி, கடைசி நேரத்தில்தான் ஸ்வீடன் வந்து சேர்ந்தார். முதல் ஆட்டத்தில் ஹங்கேரிக்கு எதிராகத் தலையால் முட்டிச் சமன் செய்தார். அதே அணியுடன் நடந்த மறு ஆட்டத்தில் வேல்ஸ் 2–1 என வென்றது. ஹங்கேரியர்கள் அவரை உதைத்தே முடக்கினார்கள். காலிறுதியில் அவர் இல்லை. 17 வயது பெலே உலகக் கோப்பையில் தன் முதல் கோலை அடிக்க, பிரேசில் 1–0 என வென்றது. சார்லஸ் இருந்திருந்தால் என்ற ஆதங்கம் வேல்ஸில் இன்னும் தீரவில்லை.

இந்தப் பிடியால் நேர்ந்த இழப்பை ஓர் ஒப்பீடு காட்டும். அதே ஸ்வான்சீயில் பிறந்து, அதே காலத்தில் ஆடிய ஐவர் ஆல்சர்ச் வேல்ஸுக்காக 68 ஆட்டங்கள் ஆடினார். சார்லஸின் கணக்கு 38.

இதற்கிடையில் இங்கிலாந்தில் காற்று மாறியது. ஜிம்மி ஹில் தலைமையில் வீரர் சங்கம் வேலைநிறுத்தம் வரை போகத் துணிந்ததும், 1961 ஜனவரியில் உச்சவரம்பு நீங்கியது. இங்கிலாந்து வீரர் ஜானி ஹேன்ஸ் வாரம் 100 பவுண்டு பெற்றார். அந்த வெற்றிக்குச் சங்கத்தின் போராட்டமே முதற்காரணம். எனினும், எல்லைக்கு அப்பால் வேறு விலை உண்டு என்பதை சார்லஸ் கண்கூடாக்கியிருந்தார். 1961இல் ஜிம்மி கிரீவ்ஸ், டெனிஸ் லா, ஜோ பேக்கர், ஜெரி ஹிச்சென்ஸ் ஆகிய நால்வரும் இத்தாலிக்குப் போனார்கள். ஹிச்சென்ஸைத் தவிர மற்றவர்கள் விரைவிலேயே திரும்பிவிட்டார்கள்.

1962இல் லீட்ஸ் சார்லஸை 53,000 பவுண்டுக்குத் திரும்ப வாங்கி, நுழைவுச்சீட்டு விலையையும் ஏற்றியது. 11 ஆட்டங்கள், 3 கோல்; அதற்குள் ரோமா அணிக்கு 70,000க்கு விற்று லாபம் பார்த்தது. 1963 ஜூலையில், ஆட்டக்காரர் ஜார்ஜ் ஈஸ்தாம் தொடுத்த வழக்கில், தக்கவைப்பு முறை தொழில் உரிமைக்கு நியாயமற்ற தடை என்று நீதிபதி வில்பர்ஃபோர்ஸ் தீர்ப்பளித்தார். அந்தக் கோடையில் சார்லஸ் ரோமாவிலிருந்து கார்டிஃப் சிட்டிக்கு வந்து சேர்ந்தார். வயது 31, முழங்கால் ஏற்கெனவே தளர்ந்திருந்தது. விலை பேசும் உரிமை வந்தபோது, அதிக விலை கேட்க அவரிடம் ஆட்டம் மிஞ்சவில்லை. மூன்று பருவங்களுக்குப் பின் லீக்குக்கு வெளியே இருந்த ஹெரிஃபோர்டு யுனைடெட்டுக்குப் போய், 1967 முதல் ஆட்டக்காரராகவும் மேலாளராகவும் இருந்தார். அங்கு ஆட்களை எடுப்பதும் விடுவதும் அவர் கைக்கு வந்தன.