கழுமரத்தின் கீழே நின்றவர்கள்

கன்றிப்போன கையோடு அத்தை ஸ்ரீரங்கம் மேல அடையவளஞ்சான் வீதியிலிருந்த எங்கள் வீட்டில் வந்து இறங்கியபோது எனக்கு ஒன்பது வயது. திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பாயி நிமிர்ந்து பார்த்தார். "சீதை படாத பாட்டையா நீ பட்டுட்ட?" என்றார். அன்று சாயங்காலமே அத்தையைத் திரும்பப் பஸ் ஏற்றிவிட்டார்கள்.

சென்ற ஆண்டு தவக்காலத்தில், காவிரிக்குத் தெற்கே நான் பாடம் நடத்தும் கல்லூரியில், முதுகலை மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்தும் போகாமல் நின்றாள். கழுத்தில் சின்னச் சிலுவை, அதற்கு மேலே விரல் தடம். கல்யாணமாகி எட்டு மாதம். "அம்மாட்ட சொன்னேன் மேம். அவங்கவங்க சிலுவைய அவங்கவங்கதான் சுமக்கணும்னுட்டாங்க" என்றாள்.

இரண்டு பேச்சுக்கும் நடுவில் முப்பத்தைந்து வருடம், ஒரு ஆறு, இரண்டு மதங்கள். சொல்லப்பட்டது ஒன்றேதான். அன்று 181 என்ற மகளிர் உதவி எண்ணை எழுதிக் கொடுத்தேன். அவள் அம்மாவுக்குச் சொல்லும் பதில் என்னிடம் இல்லை. அந்தப் பதிலைத் தேடிப் படித்ததில் கிடைத்தவையே இந்தக் கட்டுரை.

சிலுவை முதலில் ரோமானிய அரசின் தண்டனைக் கருவி. அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் உரியது. கி.மு. 71இல் ஸ்பார்ட்டகஸின் அடிமைக் கலகத்தை ஒடுக்கியபோது, பிடிபட்ட சுமார் 6,000 பேரைக் கப்புவாவிலிருந்து ரோம்வரை சாலையோரம் அறைந்து நிறுத்தினார்கள். வழிப்போக்கர்கள் பார்த்து அஞ்ச வேண்டும் என்பதே நோக்கம். பிலாத்துவின் ஆட்சியில் இயேசு கொல்லப்பட்டதைக் கிறிஸ்தவரல்லாத ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியிருக்கிறார். கடவுள் நம்பிக்கை இல்லாத ஆய்வாளர்களிலும் பெரும்பாலோர், கி.பி. 30ஐ ஒட்டி இந்த மரணம் நடந்தது என்பதை ஏற்கிறார்கள். அந்த மரணத்துக்கு என்ன பொருள் என்பதில்தான் வழக்கு.

தமிழுக்குப் போர்த்துகீசியர் வழியாகக் 'குருசு' வந்தது. சிரியாக் மொழியிலிருந்து 'சிலுவை' வந்து நிலைத்தது. கொலைக்கருவியைக் குறிக்க நம்மிடம் 'கழுமரம்' என்ற சொல் ஏற்கெனவே இருந்தது. வெளியிலிருந்து வந்த சொல் நிலைத்ததால் அந்தக் கொலைவாடை குறைந்துவிட்டது என்று நினைக்கிறேன். 1923இல் திருச்சியில் தொடங்கிய பெண்கள் கல்லூரிக்குத் திருச்சிலுவையின் பெயர்தான். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் பெண்ணான என் சித்தி அங்கேதான் படித்தார். 'ஹோலி கிராஸ்' என்றால் அவருக்கு விலங்கியல் ஆய்வகமும் நூலக அட்டையும்தான் நினைவுக்கு வரும். சிலுவையின் பெயரால் பெண்கள் வீட்டைவிட்டு வெளியே வந்ததும் உண்டு. அதை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது.

இழிவான தண்டனையை மீட்பின் அடையாளமாக மாற்றியது கிறிஸ்தவம். மனிதரின் பாவத்துக்காகக் கடவுளின் மகன் தானே விரும்பி இறந்தார் என்பது நம்பிக்கை. அந்த மரணம் எப்படி மீட்கிறது என்பதில் திருச்சபைக்குள்ளேயே ஒரே குரல் இல்லை. 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆன்செல்ம், மனிதர் தீர்க்க முடியாத கடனைக் கிறிஸ்து தீர்த்ததாக விளக்கினார். அடுத்த தலைமுறையின் அபெலார்டோ, பார்ப்பவர் மனத்தைத் திருப்பும் அன்பின் செயலாக அதைக் கண்டார்.

நம் பக்கத்தில் இந்த இறையியல் பெரும்பாலும் தாயின் அழுகை வழியாக வந்தது. கொள்ளிடத்துக்கு வடக்கே ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர், சிலுவையடியில் நின்ற மரியாளின் துயரை வைத்து 'அன்னை அழுங்கல் அந்தாதி' பாடினார். தவக்காலத்தில் வாசிக்கப்படும் 'வியாகுலப் பிரசங்கம்' இலங்கையில் பணிசெய்த கோவாப் பாதிரியார் ஜாக்கோமே கொன்சால்வெஸ் எழுதியது. பாலக்கரைப் பக்கம் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை செய்யும் பெண்களைக் கேட்டிருக்கிறேன். குரல் ஒப்பாரியின் குரல். தன் மகனை, தன் தம்பியைப் பறிகொடுத்தவள் அந்த நேரத்தில் எல்லோர் முன்னாலும் அழலாம். கடனும் ஈடும் அங்கே பேச்சில்லை.

அதே நகரத்தில் நத்தர்வலி தர்காவும் இருக்கிறது. அங்கே வந்து துஆ கேட்கும் பெண்களுக்கும் மர்யம் உயர்ந்தவர். குர்ஆனின் 19ஆம் அத்தியாயம் அவர் பெயரில் இருக்கிறது. அதில் பெயர் சொல்லி அழைக்கப்படும் ஒரே பெண் அவர். ஆனால் ஈசா நபி சிலுவையில் கொல்லப்படவில்லை, அப்படி அவர்களுக்குத் தோன்றியது என்று 4ஆம் அத்தியாயம் சொல்கிறது. இறைவன் அவரைத் தன்னிடம் உயர்த்திக்கொண்டான் என்பது பெரும்பாலான முஸ்லிம்களின் நம்பிக்கை. ஒருவரின் சுமையை இன்னொருவர் சுமக்க முடியாது என்பதும் அந்த மார்க்கத்தின் அடிப்படை. அங்கே மர்யமின் வலி பேரீச்சை மரத்தடியில் தனியாகப் பிள்ளை பெற்ற வலி. மகனின் பிணத்தை மடியில் ஏந்தும் காட்சி அவருக்கு இல்லை.

ஆற்றைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்கு வந்தால், 13, 14ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த பிள்ளை லோகாசாரியர் 'ஸ்ரீவசன பூஷணம்' எழுதியது இந்த ஊரில். இராமாயணத்தைச் சிறையிருந்த சீதையின் ஏற்றத்தைச் சொல்லும் நூலாகப் படிப்பது அவர் மரபு. இராவணன் சிறையில் கிடந்த தேவமாதரை விடுவிக்கவே அவள் தானாகச் சிறை புகுந்தாள் என்று உரைகாரர்கள் சொல்வார்கள். உயிர்களுக்காக இறைவனிடம் பரிந்து பேசுபவள் அவள். முதலில் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. பிறர் விடுதலைக்காக விரும்பித் துன்பம் ஏற்ற ஒருவர் இங்கேயும் இருக்கிறார், அவர் பெண். இரண்டாம் முறை படிக்கையில் அப்பாயியின் குரல் கேட்டது. அந்த ஏற்றம் எங்கள் திண்ணைக்கு வந்தபோது அடிபட்டவளைத் திருப்பி அனுப்பும் சொல்லாக ஆகியிருந்தது.

ஐயவாதிகளின் பக்கம் போனேன். இரண்டாம் நூற்றாண்டின் கிரேக்கச் சிந்தனையாளர் செல்சஸ், உயிர்த்தெழுதலைக் கண்டதாகச் சொன்னது புத்தி பேதலித்த ஒரு பெண்தானே என்று கேலி செய்தார். மறுப்பதற்கு அவருக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனாலும் சாட்சி பெண் என்பதே அவருக்குப் பாதி வாதம். பகுத்தறிவு பேசும் வாயெல்லாம் பெண்ணுக்காகப் பேசும் என்று நம்பிவிட வேண்டாம்.

அன்னி பெசன்ட் வேறு மாதிரி. 1871இல் அவருடைய கைக்குழந்தை மேபெல் கக்குவான் இருமலில் மூச்சுக்குத் தவித்தபோதுதான், பாதிரியாரின் மனைவியான அவருக்கு முதல் சந்தேகம் வந்தது. குற்றமற்றவரைத் தண்டித்துக் குற்றவாளியை விடுவிப்பது என்ன நீதி என்று பாவப்பரிகாரக் கோட்பாட்டை எதிர்த்து எழுதினார். 1873இல் கணவரைப் பிரிந்தார். அவருடைய நாத்திகத்தையும் குடும்பக் கட்டுப்பாட்டு நூலை வெளியிட்டதையும் காரணம் காட்டி 1878இல் நீதிமன்றம் மேபெலை அவரிடமிருந்து பிரித்தது. அந்த நாத்திகப் பெசன்ட்டின் காலத்தில்தான் சென்னை லௌகிக சங்கத்தார் 'தத்துவ விவேசினி' (1882-1888) நடத்தினார்கள். நமக்குத் தெரிந்த அடையாறு பெசன்ட் பிற்பாடு வந்தவர்.

2006இல் ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கு எதிரே பெரியாரின் சிலை வைக்கப்பட்டது. கோயிலுக்குப் போகும் வழியில் நானும் அதைக் கடந்துதான் போகிறேன். 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் அவர் கேட்பது எளிய கேள்வி: பொறுமையும் கற்பும் மேலானவை என்றால் ஏன் ஒரு பாலுக்கு மட்டும் விதிக்கப்பட்டன? என் அத்தையை அப்பாயி திருப்பி அனுப்பியபோது இதைக் கேட்க அந்தத் தெருவில் ஒருவரும் இல்லை.

இத்தனைக்கும் பிறகு எனக்கு வழிகாட்டியது ஒரு கதைப்பாடல். திருச்சி வட்டாரத்தில் நடப்பதாகச் சொல்லப்படும் காத்தவராயன் கதை. காவல்காரன் வளர்த்த பிள்ளை, பார்ப்பனப் பெண் ஆரியமாலையை விரும்பி அழைத்துச் சென்றதற்காகக் கழுவேற்றப்படுகிறான். 1971இல் அதைப் பதிப்பித்த நா. வானமாமலை கதையில் இரண்டு அடுக்குகளைக் காட்டினார். ஒன்று, சாதி மீறிய காதலுக்கு அரசு தந்த தண்டனை. இன்னொன்று, முற்பிறவியில் சிவன் இட்ட சாபத்தால்தான் அவன் கழுவேறினான் என்ற புராணம். சாபம் வந்து சேர்ந்ததும் கொன்றவர்கள் மேல் குற்றம் இல்லாமல் போகிறது. கழு ஏறியவன் தெய்வமாகிறான், கழுமரத்தை நட்ட கை மறைகிறது. கதையில் கழுவடியில் தாய் காமாட்சியும் ஆரியமாலையும் இருக்கிறார்கள். நாடகம் பார்க்கும் பெண்கள் அழுவது சாபத்தை நினைத்து அல்ல என்று நினைக்கிறேன்.

சிலுவைக்கும் இதே கேள்வியைப் போட்டுப் பார்த்தேன். அது இறைவனின் திட்டம் என்று மட்டும் சொன்னால், பிலாத்துவும் ஆணி அடித்த சிப்பாயும் எங்கே போனார்கள்? 1989இல் ஜோன் கார்ல்சன் பிரவுன், ரெபெக்கா பார்க்கர் என்ற இரு அமெரிக்க இறையியலாளர்கள், தந்தை விரும்ப மகன் துன்புற்றான் என்ற விளக்கம் அடிபடும் பெண்களையும் குழந்தைகளையும் அடங்கியிருக்கச் சொல்லித் தருகிறது என்று எழுதினார்கள். டெலோரஸ் வில்லியம்ஸ் 1993இல் கறுப்பினப் பெண்களின் அனுபவத்திலிருந்து, பிறருக்குப் பதிலாகத் துன்புறுவதைப் புனிதமாக்க வேண்டாம் என்றார். இவர்கள் பேசியது மதத்துக்கு உள்ளிருந்துதான்.

விசுவாசி, முஸ்லிம், வைணவர், நாத்திகர் ஆகியோரின் வழக்கைத் தீர்க்க எனக்குத் தகுதியில்லை. ஆனால் எந்த விளக்கம் வந்தாலும் ஒன்றைக் கேட்கலாம்: இது கொன்றவனை மறைக்கிறதா, காட்டுகிறதா? நற்செய்திகளில் சீடர்கள் பெரும்பாலும் ஓடிவிட, பெண்கள் நின்று பார்த்தார்கள். பார்த்ததைச் சொன்னார்கள். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் கணவர் சங்கர் வெட்டப்பட்டபோது உடனிருந்து தானும் காயமடைந்த கௌசல்யா, பெற்றோருக்கு எதிராகவே நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். 2017இல் மரண தண்டனை பெற்ற தந்தையை 2020இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. தீர்ப்பு எப்படிப் போனாலும், அந்தச் சாவை விதி என்று சொல்ல அவர் யாரையும் விடவில்லை.

மாணவி மறுபடி வந்தபோது சிலுவைப்பாதையைப் பற்றியே பேசினோம். பதினான்கு நிலைகளும் அவளுக்கு மனப்பாடம். ஐந்தாவது நிலை என்ன என்று கேட்டேன். "சீரேன் ஊர் சீமோன் சிலுவைய சுமக்கிறார்" என்றாள். சொன்னவள் நிறுத்தினாள். அவரவர் சிலுவையை அவரவரே சுமப்பது அந்தக் கதையிலேயே நடக்கவில்லை. சிலுவையைச் சுமந்துகொண்டு தம் பின்னே வரும்படி இயேசு சொன்னது, ஒரு வழியைத் தானே தேர்ந்தெடுத்து அதற்காக அரசின் தண்டனைக்கும் துணிந்தவர்களிடம். கணவனிடம் அறை வாங்குவதை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை.

அவள் அதை அம்மாவிடம் சொன்னாளாம். அம்மா ஒன்றும் பேசவில்லையாம். இரண்டு வாரம் கழித்து, 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலரைப் பார்க்க அவள் போனபோது அம்மாவும் கூடப் போயிருக்கிறார். வழி முழுக்க ஜெபமாலை உருட்டிக்கொண்டே வந்தார் என்றாள். அலுவலர் யார் அடித்தது என்று கேட்டதும், மகளுக்கு முன்னால் அம்மாதான் பெயரைச் சொன்னாராம்.